கடக்கும் உரிமை பிறந்த கதை

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய கிரையப் பத்திரங்களில் நான்கெல்லை சொல்லி, குழிக்கணக்குச் சொல்லி முடித்த பிறகு, நடைபாதை பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம், நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் என்று ஒரு வரிசை வரும். நிலத்தை வாங்குகிறவர் மண்ணை மட்டும் வாங்குவதில்லை. அந்த மண்ணுக்கு நடந்து போகவும், எருவண்டி ஓட்டிப் போகவும், தண்ணீர் கொண்டு போகவும் உள்ள உரிமையைச் சேர்த்தே வாங்குகிறார். டெல்டாவில் இந்த உரிமை இல்லாமல் வெள்ளாமை இல்லை. வாய்க்காலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒருவர் வயலைத் தொட்டு அடுத்தவர் வயல் கிடக்கிறது. வேறொருவர் வரப்பில் கால் வைக்காமல் தன் வயலுக்குப் போய்ச் சேரக்கூடியவர்கள் மிகச் சிலர்.

சோழர் காலத்திலேயே நிலத்தை அடையாளம் சொல்லும் முறை இதுதான். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு என்று கல்வெட்டுகள் சொல்லிக்கொண்டே போகும். வதி என்றால் வழி. வாய்க்காலுக்குப் பெயர் இருந்ததைப் போலவே வதிக்கும் பெயர் இருந்தது. அரசர்கள், அரசிகளின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்த நாட்டில் நடந்து போகிற பாதை, தண்ணீர் போகிற பாதைக்குச் சமமான பொதுச் சொத்தாக ஊர்க்கணக்கில் நின்றது. இன்றைய வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் பாதைப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று அது இன்னும் இருக்கிறது.

ஆங்கிலேயர் வந்து இதைச் சட்டப் புத்தகத்தில் எழுதினார்கள். 1882-இல் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டம் அப்போதே சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. தடையில்லாமல், ஒளிக்காமல், உரிமையாகவே எண்ணி 20 ஆண்டுகள் ஒரு வழியில் நடந்து வந்தால் அந்த நடை உரிமையாகிவிடும். பாகம் பிரிந்ததில் ஒருவர் நிலம் நான்கு பக்கமும் அடைபட்டுப் போனால், போய்வர வழி விட்டே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் சொல்லிவந்த நியாயம்தான் இது.

ஆக, நடக்கிறவரின் உரிமை புதிதாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாக இங்கே இருந்ததில்லை. அது முதலிலேயே இருந்தது. பாதைகள் முன்பே கிடந்தன. பெரிய சாலைகள் பின்னால் வந்து அவற்றை வெட்டிக்கொண்டு போயின. இன்றைக்குச் சாலையோரம் நிற்கும் நடவுப் பெண்களைப் பார்த்து, 'இவர்கள் ஏன் சாலையின் குறுக்கே வருகிறார்கள்' என்று கார்க்காரர் சலித்துக்கொள்கிறார். ஊரின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், குறுக்கே வந்தது யார் என்று தெரியும்.

முதலில் குறுக்கே வந்தது ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1861–62-இல் பாதை போட்டார்கள். வயல்களையும் வாய்க்கால்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் அது நேராக அறுத்தது. ஆனால் ரயிலுக்கு ஒரு கடமையும் பின்னாலேயே வந்தது. 1890-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தண்டவாளத்தால் நிலத்தின் பயன்பாடு எங்கெல்லாம் தடைபடுகிறதோ அங்கெல்லாம் கடக்கும் வழியும் பாலமும் சிறு மதகும் ரயில்வே நிர்வாகமே தன் செலவில் கட்டித் தர வேண்டும் என்றது. 1989-இல் புதிய ரயில்வே சட்டம் வந்தபோதும் இந்தக் கடமை அதில் தொடர்ந்தது. பாதையை வெட்டுகிறவரே கடக்கும் வழியையும் அமைக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்துக்கு 130 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த நியாயம்.

சாலைக்கு அந்த நியாயம் வந்து சேரவில்லை. 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, எடுக்கப்படும் நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி மத்திய அரசைச் சேர்கிறது. அந்த நிலத்தின் மேல் வழிநடை போன்ற வசதியுரிமை வைத்திருந்தவருக்கு, நிலத்துக்குத் தீர்மானித்த தொகையில் 10 சதவீதம் என்று கணக்கிட்டுப் பணம் தர அந்தச் சட்டத்தின் 3ஜி பிரிவு இடம் தருகிறது. அத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஒரு தலைமுறை அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அடுத்த தலைமுறையும் அதே இடத்தில்தான் வயலுக்குக் கடக்க வேண்டியிருக்கிறது.

நடந்து போகிறவருக்காக வண்டி நிற்க வேண்டும் என்ற விதி எழுத்தில் பிறந்தது வேறோர் ஊரில்; மோட்டார் வந்த பிறகு. 1920-களில் அமெரிக்க நகரங்களில் காரில் அடிபட்டுச் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியபோது, மக்கள் முதலில் கோபப்பட்டது காரின் மேல். வேகத்துக்கு வரம்பு வேண்டும் என்று இயக்கங்கள் நடந்தன. மோட்டார் வியாபாரிகள் விழித்துக்கொண்டு, தவறு நடக்கிறவர் மேல்தான் என்று நகரசபைகளைச் சொல்லவைத்தார்கள். 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கொண்டுவந்த போக்குவரத்து விதி, மக்கள் எங்கே கடக்கலாம், எங்கே கூடாது என்று கட்டுப்படுத்தியது. மற்ற நகரங்கள் அதைப் பின்பற்றின. தெரு யாருக்கு என்ற கேள்விக்கு அங்கே சில ஆண்டுகளுக்குள் விடை தலைகீழானது.

பிரிட்டனில் கதை வேறு திசையில் போனது. 1934-இல் போக்குவரத்து அமைச்சராக வந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, நடக்கிறவர்களுக்கென்று கடக்கும் இடங்களைக் குறித்தார். அந்த ஏற்பாட்டை விளக்குவதற்காக லண்டனின் கேம்டன் ஹை தெருவில் தானே கடந்து காட்டியபோது, வேகமாக வந்த ஒரு கார் அமைச்சரையே இடிக்கப் பார்த்தது. அவர் நட்ட கறுப்பு வெள்ளைக் கம்பங்களும் அவற்றின் மேல் ஆரஞ்சு நிற உருண்டைகளும் இன்றும் அங்கே அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஒரு குறை மட்டும் இருந்தது. கடக்கும் இடம் தரையில் பதித்த உலோகக் குமிழ்களால்தான் குறிக்கப்பட்டிருந்தது. நடக்கிறவருக்கு அது தெரிந்தது. தூரத்திலிருந்து வரும் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவில்லை.

போர் முடிந்த பிறகு, சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் ஜார்ஜ் சார்லஸ்வொர்த் என்ற இயற்பியலாளரின் தலைமையில் இதற்குத் தீர்வு தேடினார்கள். நீலமும் மஞ்சளும், சிவப்பும் வெள்ளையும் என்று பல நிறங்களைப் பார்த்தார்கள். கறுப்புத் தாரின் மேல் அகலமான வெள்ளைப் பட்டைகள்தான் வெகு தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரிந்தன. 1949-இல் நாடு முழுவதும் சுமார் 1,000 இடங்களில் சோதித்துவிட்டு, 1951 அக்டோபர் 31 அன்று ஸ்லவ் நகரில் ஜீப்ரா கிராசிங்கை முறைப்படி தொடங்கினார்கள். அதே ஆண்டு வந்த விதிகள், அந்தக் கோட்டின் மேல் கால் வைத்தவருக்கு வண்டி வழிவிட்டே ஆக வேண்டும் என்றன.

ஜீப்ரா கிராசிங் வெறும் வண்ணப்பூச்சு இல்லை என்பது இந்தக் கதையிலிருந்து தெரிகிறது. நடக்கிறவருக்கு உரிமை 1934-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் ஓட்டுநர் அதைப் பார்த்து, யோசித்து, பிரேக்கை மிதித்து நிற்கத் தேவையான தூரத்திலிருந்தே அது கண்ணில் படாதவரை, அந்த உரிமை காகிதத்திலேயே கிடந்தது. காவிரிக் கரையில் நமக்கு வேண்டிய பாடம் இதுதான்.

இந்தியாவுக்கு இந்த உரிமை வந்த வழி நீளமானது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பத்தாம் அட்டவணை, சந்திப்புகளிலும் திருப்பங்களிலும் வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே நுழைய வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொன்னது. யார் முதலில் போவது என்று வரும்போது அது வண்டிக்கும் வண்டிக்கும் இடையில்தான் பேசியது: பிரதான சாலையில் வருகிற வண்டிக்கு முன்னுரிமை, இல்லாவிட்டால் வலப்பக்கத்திலிருந்து வருவதற்கு. 1988-இல் புதிய சட்டம் வந்து, அதன் கீழ் 1989-இல் சாலை விதிகள் வெளியானபோது, சிக்னலோ போலீஸோ இல்லாத கடக்கும் இடங்களில் நடக்கிறவருக்கே வழியுரிமை என்ற வரி இடம்பெற்றது. 2017 ஜூனில் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: அப்படிப்பட்ட இடத்தை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடக்கிறவருக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் வழிவிட வேண்டும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த உரிமை 'கடக்கும் இடம்' என்று குறிக்கப்பட்ட இடத்தில்தான் பிறக்கிறது. கோடு போடாத இடத்தில், ஜாக்கிரதையாக ஓட்ட வேண்டும் என்ற பொதுக் கடமைக்கு மேல் ஓட்டுநருக்கு ஒன்றும் இல்லை. கோடு எங்கே போடுவது என்பதை முடிவு செய்ய ஒரு சூத்திரம் இருக்கிறது. 1934-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சாலைகள் காங்கிரஸ், நடக்கிறவர்களுக்கான வசதிகள் பற்றி 1988-இல் வெளியிட்ட ஐஆர்சி 103 வழிகாட்டியில் அது உண்டு. நெருக்கடி நேரத்தில் ஒரு மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணி, வண்டிகளின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி, ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்ட வேண்டும். தடுப்பு உள்ள சாலையில் 20 கோடியை. பிரிட்டிஷ் நகரங்களுக்காக உண்டான அளவு இது.

இதை ஒரு டெல்டா கிராமத்தில் போட்டுப் பாருங்கள். மணிக்கு 500 வண்டிகள் போகும் சாலையில் அந்தக் கணக்கு தேற வேண்டுமானால், ஒரே மணி நேரத்தில் 400 பேர் கடக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து வருவார்கள்? காலை ஆறரைக்கு ஒரு நடவு ஆள் கூட்டம் கடக்கிறது. எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுப்பகலில் கஞ்சித் தூக்கோடு ஒருவர். ஊரில் ஒரு சாவு விழுந்தால், ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் பாடையோடு ஊரே கடக்கிறது. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான். மணிக்கணக்கில் எண்ணினால் அது ஒன்றுமே இல்லை. ஊரைப் பொறுத்தவரை அதுதான் அன்றைய நாள் முழுவதும். குறைவாகக் கடக்கிறார்கள் என்பதற்காக ஓர் உயிரின் மதிப்பு குறைந்துவிடாது. இந்தச் சூத்திரம் கிராமத்துக்குச் செய்வது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

டெல்டாவில் பாதை சாலையைச் சந்திக்கும் இடத்துக்கென்று தனியாக ஒரு முகம் உண்டு. அது பாலத்து முனை.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சுமார் 13 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம்: கரந்தையில் வடவாறு, பிறகு வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஆறு ஒன்றுக்கு இரண்டு கரைகள். ஒவ்வொரு கரை மேலும் ஒரு பாதை ஓடுகிறது. சில இடங்களில் தார், சில இடங்களில் கப்பி, பல இடங்களில் வெறும் மண். அந்தக் காலத்தில் மராமத்து இலாகாவின் லஸ்கர்கள் உடைப்பு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்த பாதை அது. பிறகு சைக்கிளில் போனார்கள். கரையோர ஊர்களுக்கு இன்றும் அதுதான் தெரு. படுகைக் கொல்லைக்குப் போகிறவர், கரும்புக்கும் வாழைக்கும் போகிறவர், குளிக்கப் போகிறவர், மாடு ஓட்டுகிறவர், பள்ளிக்கூடம் போகிற பெண் எல்லோரும் அதில்தான் வருகிறார்கள். ஆக 13 கிலோமீட்டருக்குள் பத்து இடங்களில் ஒரு கரைப்பாதை பிரதான சாலையை அறுத்துக்கொண்டு போகிறது.

அந்தப் பத்து இடங்களும் கடப்பதற்கு மோசமான இடங்கள். பாலம் கரைமட்டத்துக்கு மேல் நிற்பதால் சாலை இரண்டு பக்கமும் மேடேறுகிறது. ஏற்றத்துக்காக ஓட்டுநர் வேகம் கூட்டுகிறார். உச்சிக்கு வரும்வரை அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது. கரைப்பாதையில் வரும் சைக்கிளைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மறைக்கிறது. சுவர் முடிகிற இடத்தில் ஒரு கட்சிக் கொடிக்கம்பம், ஒரு டீக்கடைக் கீற்று, ஒரு விளம்பரப் பலகை. சைக்கிளில் வருகிறவர் கரையிலிருந்து சாலைக்கு ஏற மிதிக்கிறார். முன்சக்கரம் தாரைத் தொட்ட பிறகுதான் பாலத்தில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரிகிறது.

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் கணக்குப்படியே, மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி ஆபத்தைப் பார்த்து நிற்க 45 மீட்டர் தூரம் வேண்டும். 80 கிலோமீட்டர் என்றால் 120 மீட்டர். ஏழு மீட்டர் அகலச் சாலையைத் திடமான ஓர் ஆள் கடக்க ஆறு வினாடி ஆகும். தலையில் நாற்றுமுடியோ புல்லுக்கட்டோ இருந்தால் இன்னும் கூடும். அந்த ஆறு வினாடியில் 80 கிலோமீட்டரில் வரும் லோடு வண்டி 130 மீட்டரைத் தாண்டிவிடும். பாலத்து முனையில் அவ்வளவு தூரம் இருவரில் யாருக்குமே தெரிவதில்லை. கடக்கிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வண்டியின் வேகம் குறைந்தால் மாறும். 50 கிலோமீட்டரில் அடிபடுகிற ஒருவர் சாகும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு, 80-இல் அது 60 சதவீதத்தை நெருங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

திருவையாற்றின் ஏழூர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். சித்திரையில் ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஏழூரும் சுற்றி வருகிறார். ஆற்றையும் கரையையும் வயல்வழியையும் தாண்டிப் போகும் பழைய நடைத்தடம் அது. பல்லக்கு சாலைக்கு வரும்போது பஸ்ஸும் லாரியும் தாமாகவே நின்றுவிடுகின்றன. அங்கே யாரும் சட்டம் படித்துக் காட்டுவதில்லை. நடக்கிறவருக்காக வண்டி நிற்பது நம் ஊர் ஓட்டுநருக்குத் தெரியாத பழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சைக்கிளின் நிலைமை இன்னும் மோசம். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அந்தக் கதை உலகம் முழுவதும் தெரிந்தது. 2001–02-இல் தமிழக அரசு, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் அதை விரித்தது. மேல்நிலைப் பள்ளி ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டெல்டா கிராமங்களில் இதனால் படிப்பைத் தொடர்ந்த பெண்கள் ஏராளம். அரசு அவர்கள் கையில் சைக்கிளைக் கொடுத்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இருக்கிற சாலையை எப்படிக் கடப்பது என்பதை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டது.

சட்டத்தின் கண்ணில் சைக்கிள் ஒரு வண்டி. கரைப்பாதையிலிருந்து பிரதான சாலைக்கு ஏறும் சைக்கிள்தான் காத்திருக்க வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு கோட்டின் மேல் வந்தால், நடக்கிறவருக்கு உள்ள உரிமை அதற்கும் வரும். நெதர்லாந்தில் 2001 மே முதல் தேதி வரை ஏறக்குறைய இந்த நிலைமைதான். சமமான இரண்டு சாலைகள் சந்திக்குமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து வரும் மோட்டார் வண்டிக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும், சைக்கிளுக்கு விட வேண்டியதில்லை. அன்று முதல் சைக்கிளுக்கும் அதே முன்னுரிமை வந்தது. சைக்கிள் பாதை சாலையைக் கடக்கும் இடங்களில், சாலையில் வருகிறவரைப் பார்த்தபடி வெள்ளை முக்கோணங்களை வரிசையாக வரைந்து, நிற்க வேண்டியது கார் என்று அங்கே தரையிலேயே எழுதிவிடுகிறார்கள். பிரிட்டன் 2022 ஜனவரி 29 அன்று தன் சாலை விதிநூலைத் திருத்தியது. அதிக ஆபத்து விளைவிக்கக்கூடிய வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்றது. சந்திப்பில் கடக்கக் காத்து நிற்கிறவருக்குக்கூடத் திரும்புகிற வண்டி வழிவிட வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள்.

2024 ஜூலை 17 அதிகாலை, திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரையாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் மேல் ஒரு சரக்கு வண்டி ஏறியது. ஐந்து பேர் இறந்தார்கள். கந்தர்வகோட்டைப் பக்கத்துக் கிராமத்து மக்கள் அவர்கள். சமயபுரத்துக்கும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிற மண் இது. எந்த மாதம், எந்தச் சாலை, எந்தத் திசை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படித் தெரிந்த நடைக்குக்கூடச் சாலையில் ஒரு பட்டை ஒதுக்கப்படவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது.

கடக்கும் உரிமையின் கதையில் கடைசியாக நடந்த திருப்பம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரால் வந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க அரசுகள் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் போனார். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது அந்த வழக்கில்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, நடக்கிறவர்களும் மோட்டார் இல்லாத வண்டிகளும் பொது இடங்களில் போய்வருவது பற்றி மாநில அரசே விதிகள் செய்யலாம் என்று 138(1ஏ) பிரிவு வந்தது. தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு பற்றி விதி செய்ய 210டி பிரிவு வந்தது. வடிவமைப்பில் குறை வைத்து உயிர்ச்சேதம் உண்டாக்கும் பொறுப்பாளருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 198ஏ பிரிவும் சேர்ந்தது. அதிகாரம் கையில் வந்தும் விதிகள் எழுதப்படாமலே ஆண்டுகள் போயின. அதே ராஜசேகரன் வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் கே.வி. விஸ்வநாதனும், இன்னும் விதி செய்யாத மாநிலங்கள் ஆறு மாதங்களுக்குள் 138(1ஏ), 210டி இரண்டின் கீழும் விதிகள் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.

இந்த விதிகளை எழுதும் மேஜையில் நகரத்து நடைபாதை பற்றி நிறையப் பேச்சு இருக்கும். இருக்கவும் வேண்டும். ஆற்றங்கரைப் பாதையைப் பற்றி அங்கே பேச யாராவது வேண்டும். பாலத்து முனைக்கு இன்று மூன்று எஜமானர்கள்: கரை நீர்வளத் துறையுடையது, தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் பாதை ஊராட்சியுடையது. மூவரும் சந்திக்கும் அந்தப் பத்தடி இடத்தில் கோடு போடுவது யார் வேலை என்று எந்தக் கோப்பிலும் இல்லை. விதியில் முதலில் எழுத வேண்டியது இதை. புலப்படத்தில் பாதைப் புறம்போக்கு என்றோ கரைப்பாதை என்றோ உள்ள வழியை ஒரு சாலை எங்கே வெட்டினாலும், ஆள் எண்ணிக்கை பார்க்காமல், அது கடக்கும் இடம் என்று அறிவிக்கப்பட வேண்டும். கோடு போட்டுப் பராமரிப்பது சாலையின் பொறுப்பாக வேண்டும். ரயிலுக்கு 1890-இல் போட்ட கடமைதான் இது.

வெறும் வெள்ளைக் கோட்டை மட்டும் போட்டுவிட்டுப் போனால் அதைவிடக் கெடுதல் இல்லை. 80 கிலோமீட்டரில் வண்டி வரும் இடத்தில் கோட்டை நம்பிக் கால் வைக்கிற குழந்தைக்கு அது ஒரு பொறி. பாலத்துக்கு 100 மீட்டர் முன்னாலிருந்து வேகம் இறங்க வேண்டும்: வரம்புப் பலகை, சக்கரத்தை அதிரவைக்கும் குறுக்குப் பட்டைகள், கடக்கும் இடத்தையே சற்று உயர்த்திய மேடை. கைப்பிடிச் சுவரின் முனையை மறைக்கும் பலகையும் கீற்றும் போக வேண்டும். இரவில் ஒரு விளக்கு எரிய வேண்டும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் போன்ற நான்குவழிச் சாலைகளில் இது போதாது. அங்கே சாலைக்கு அடியில்தான் வழி விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் நிற்காதபடி தரைமட்டமும் வடிகாலும் பார்த்துக் கட்டிய வழியாகவும் அது இருக்க வேண்டும். படிக்கட்டு வைத்த நடைமேம்பாலம் சைக்கிளுக்கும் மாட்டுக்கும் பாடைக்கும் உதவாது.

இதற்குத் தேவையான பட்டியலை ஊர்கள் தாங்களே தயாரிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் இருக்கிறது. கிராமசபைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்தெந்தப் பாதை எந்தெந்தச் சாலையைக் கடக்கிறது என்று புல எண்ணோடு தீர்மானம் போட்டு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினால், மூன்று துறை அதிகாரிகளும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். தஞ்சாவூர்–திருவையாறு சாலையின் அந்தப் பத்து முனைகளும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து, 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் விட்டு, குறுவை நடவுக்கு ஆட்கள் கரைமேல் நடமாடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பத்தையும் முடித்துவிடலாம்.